வினைமுதல் மறைந்த வாக்கியம்: உல்லாசக் கப்பல் விளம்பரங்களும் வர்க்க வேறுபாடும்

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியனவே நம் நினைவுக்கு வருகின்றன. சொல்லொன்றுக்கு வழங்கப்படும் கூலியை அளவுகோலாகக் கொள்வோமாயின், இன்றைய உலகில் உயர்ந்த இலக்கியம் விளம்பரந்தான் என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கும். அத்துணைப் பொருட்செலவில் ஆக்கப்படும் ஓர் உரைநடையைத் திறனாய்வாளர் தீண்டாது விடுவது நியாயமன்று. உல்லாசக் கப்பற் கம்பனிகள் வெளியிடும் வண்ணக் கைந்நூல்களும் அவற்றையொட்டிய விளம்பரங்களுமே இக்கட்டுரையில் முதலிலே நோக்கப்படுகின்றன. அக்கப்பல்களைப் பொருளாகக் கொண்டெழுந்த சில படைப்புக்கள் அடுத்து நோக்கப்படும்.

இவ்விளம்பரங்களின் வாக்கியங்களை இலக்கணக் கண்கொண்டு நோக்குவோர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். அவை யாவும் முன்னிலையிலே அமைந்தவை. ‘நீங்கள்’ என்பதே அவற்றின் உயிர்ச்சொல். நீங்கள் கண்விழிக்கையிற் காலையுணவு கட்டிலருகே வந்திருக்கும். நீங்கள் கரைசென்று திரும்புமுன் படுக்கை விரிக்கப்பட்டிருக்கும். துவாய் அன்னமாகவோ யானையாகவோ மடிக்கப்பட்டுத் தலையணைமீது வைக்கப்பட்டிருக்கும். கொண்டுவந்தவர் யார்? விரித்தவர் யார்? வினைச்சொல் ஆறு பொருள்களை உணர்த்தும் என்பர் நன்னூலார்; அவற்றுள் முதலாவது செய்பவன். கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஏனைய ஐந்தையும் கைந்நூல் தாராளமாகவே வர்ணிக்கிறது. கருவி வெள்ளித்தட்டு, நிலம் கடல்நோக்கிய மாடம், காலம் அந்திப்பொழுது. செய்பவன் மட்டும் இல்லை. உணவு தானே நடந்துவந்தது போன்று வாக்கியம் முடிந்துவிடுகிறது.

இதனை வெறும் நடைச்சிறப்பாகக் கொள்ளலாகாது. ஆங்கிலத்திலே பயணச்சீட்டில் அச்சிடப்படும் பிரிவுக்கும் சமுதாயத்திலே மனிதர் பிரிந்துநிற்கும் நிலைக்கும் ஒரே சொல்லே வழங்குகிறது. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உள. முன்னையது வகுப்பு, பின்னையது வர்க்கம். இவ்வேறுபாடு இவ்வாய்வுக்குப் பெரிதும் உதவுவதாகும். உல்லாசக் கப்பலின் விளம்பரம் வகுப்புக்களைப் பெருக்கிக் காட்டுகிறது. அப்பெருக்கத்தின் பின்னே வர்க்கம் மறைந்துகொள்கிறது. சீட்டு வாங்கியவர்களுக்கிடையேயான ஏற்றத்தாழ்வு எவ்வளவுக்கு ஒளியூட்டப்படுகிறதோ அவ்வளவுக்கு, சீட்டு வாங்கியவர்க்கும் தட்டேந்துபவர்க்கும் இடையேயுள்ள பிளவு இருளுக்குட் சென்றுவிடுகிறது.

பழைய கப்பல்கள் இவ்விடயத்தில் ஒருவகை நேர்மை உடையனவாயிருந்தன. 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி அதிகாலையில் மூழ்கிய டைற்றானிக் கப்பலிலே முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கள் தனித்தனித் தளங்களையும் படிக்கட்டுக்களையும் உணவுக்கூடங்களையும் கொண்டிருந்தன. மூன்றாம் வகுப்பினரை ஏனையோரிடமிருந்து தடுப்புக்களாற் பிரித்துவைக்க வேண்டுமென்பது ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவுச் சட்டத்தின் தேவையாகவும் இருந்தது. குடிபெயரும் ஏழைகள் தொற்றுநோயைக் கொணர்வர் என்ற அச்சமே அதற்குக் காரணம். மேர்சி பிரபுவின் தலைமையில் நடைபெற்ற பிரித்தானிய விசாரணையின் கணக்குப்படி, முதலாம் வகுப்புப் பிரயாணிகள் 325 பேரில் 203 பேரும், இரண்டாம் வகுப்பினர் 285 பேரில் 118 பேரும், மூன்றாம் வகுப்பினர் 706 பேரில் 178 பேரும் உயிர்தப்பினர். மூன்றாம் வகுப்பினருக்குப் பாரபட்சம் காட்டப்படவில்லை என்றே அவ்விசாரணை முடிவுசெய்தது என்பது வேறு கதை.

அக்கணக்கிலே நான்காவது வரியொன்றும் உண்டு. கப்பற் பணியாளர் 885 பேரில் 212 பேரே தப்பினர். வீதத்தில் இது மூன்றாம் வகுப்பினும் தாழ்ந்தது. டைற்றானிக்கைப் பற்றிப் பேசுவோர் முதல் மூன்று வரிகளையுமே பேசுகின்றனர். 1997இல் வெளிவந்த ஜேம்ஸ் கமரூனின் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும். முதல் வகுப்பின் இறுகிய விருந்தையும் மூன்றாம் வகுப்பின் களிநடனத்தையும் அடுத்தடுத்துக் காட்டி, ஏழைகளிடத்தே உயிர்த்துடிப்பு உண்டு என்று அது நமக்குச் சொல்கிறது. ஏழை ஓவியனும் செல்வக் குமரியும் காதல்கொள்கின்றனர். இருவருமே பிரயாணிகள். கரியள்ளிப் போட்டவர்கள் சில கணங்கள் செந்நிற ஒளியிலே தோன்றி மறைகின்றனர். வகுப்பைக் கண்டிக்கும் இப்படம் வர்க்கத்தைக் காணவில்லை என்றே சொல்லவேண்டும்.

போக்குவரத்துக்கன்றிக் களிப்புக்காகவே கப்பலை ஓட்டும் வழக்கம் ஜேர்மனியில் அல்பேட் பாலின் என்பாரின் வணிக மூளையில் உருப்பெற்ற விதம் சுவையானது. வடவத்திலாந்திக்கிற் குளிர்காலத்திலே பிரயாணிகள் குறைவு. வெறுமனே கிடக்கும் கப்பலைச் சூடான கடலுக்கு அனுப்பினால் என்ன? 1891 சனவரியில் ‘ஓகஸ்ற்றா விக்ரோரியா’ மத்தியதரைக் கடலுக்குச் சென்றது. 1900இல் இதற்கெனவே ‘பிறின்செசின் விக்ரோரியா லூயிசே’ கட்டப்பட்டது. அதில் முதல் வகுப்பு மட்டுமே உண்டு. உல்லாசக் கப்பல் தன் பிறப்பிலேயே ‘ஒரே வகுப்பு’க் கப்பலாக இருந்ததெனலாம். கீழ்வகுப்பினரைக் கரையிலே விட்டுச் செல்வதாற் பெறப்பட்ட சமத்துவம் அது.

இவ்விடத்துப் பிறிதொரு சமத்துவத்தையும் நினைவுகூரலாம். 1937இல் நாசி ஜேர்மனி நீரில் இறக்கிய ‘வில்கெல்ம் குஸ்ற்லொவ்’ தொழிலாளருக்கான உல்லாசக் கப்பலாகும். வகுப்பு வேறுபாடின்றி அறைகள் அமைந்த கப்பல் என்பதே அதைப்பற்றிய பிரசாரத்தின் சாரம். தொழிற்சங்கங்களைக் கலைத்துவிட்ட ஓர் அரசு, சங்கத்துக்கு ஈடாகக் கடற்பயணத்தை வழங்கிற்று. வகுப்பற்ற கப்பல் வர்க்கமற்ற சமுதாயத்தின் அறிகுறியாகிவிடாது என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1921, 1924ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டங்கள் மூன்றாம் வகுப்பின் வருவாயைச் சுருக்கின. 1958இல் அத்திலாந்திக்கைத் தாரை விமானங்கள் கடக்கத் தொடங்கியமை கப்பற் போக்குவரத்தையே குலைத்தது. தொழிலிழந்த கப்பல்கள் மியாமித் துறைமுகத்திலே மறுபிறவி எடுத்தன. 1966இல் நோர்வீஜியன் கரிபியன், 1968இல் ரொயல் கரிபியன், 1972இல் கார்ணிவல் எனக் கம்பனிகள் தோன்றின. கார்ணிவலின் முதற்கப்பல் தன் முதற்பயணத்திலேயே மியாமிக்கு அண்மையில் மணற்றிட்டொன்றில் ஏறி நின்றுவிட்டது. அப்பழைய கப்பலைக் கேளிக்கைக் கப்பல் எனப் பெயரிட்டு விற்றதே அக்கம்பனியின் வெற்றி. சென்றடையும் இடத்தை விற்பதை விடுத்துக் கப்பலையே விற்கும் முறை அப்போது வேரூன்றியது. 1977 தொடக்கம் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பல்லாண்டுகள் ஓடிய ‘காதற் கப்பல்’ தொடர், எவரும் ஏறலாம், ஏறியவர் யாவரும் சமம் என்ற எண்ணத்தை இல்லந்தோறும் கொண்டுசென்றது. இக்காலப்பகுதியை முற்றாக எள்ளி நகையாடுதல் பொருந்தாது. கடற்பயணத்தைக் கனவிலும் எண்ணியிராத எழுதுவினைஞரும் ஆலைத் தொழிலாளரும் ஒரு வாரமேனும் ஓய்ந்திருக்க முடிந்தது. ஓய்வு செல்வரின் தனியுரிமையாக இருக்கவேண்டும் என்று எவரும் வாதிடமாட்டார்.

ஆயின் ‘ஒரே வகுப்பு’ நெடுங்காலம் நிலைக்கவில்லை. அறையின் விலைக்கேற்ப உணவுக்கூடத்தைப் பிரிக்கும் மரபைக் கியூனாட் கம்பனி என்றுமே கைவிட்டதில்லை. 2004இற் சேவைக்கு வந்த ‘குயீன் மேரி 2’ கப்பலிலும் மூவகை உணவுக்கூடங்கள் உள; எதில் உண்பது என்பதை அறையே தீர்மானிக்கிறது. 2008இல் எம்.எஸ்.சி. கம்பனியின் ‘ஃபன்ராசியா’ கப்பலிலே ‘யொற் கிளப்’ என்ற பகுதி தோன்றியது. நோர்வீஜியன் கம்பனி தன் கப்பல்களில் ‘ஹேவன்’ என்ற பெயரில் இத்தகைய பகுதியை அமைத்தது. கப்பலுக்குள்ளே கப்பல் என இவை வர்ணிக்கப்படுகின்றன. தனிக் குளம், தனி உணவகம், தனி வெயிற்றளம், ஏவலாளர். தனி அட்டையிருந்தாலன்றித் திறவாத கதவு.

பழைய முதல் வகுப்புத் திரும்பிவிட்டது என்று மட்டும் கூறின் அது பாதி உண்மையே. பழைய கப்பலிலே முதல் வகுப்பினர் தம் வகுப்பிற் பிறந்தவர்களைப் போலவே கப்பலேறினர். மூன்றாம் வகுப்பினரை நோக்கி முதல் வகுப்பு விளம்பரம் செய்யப்படவில்லை. இன்றைய கப்பலிலோ கீழேயுள்ளவர் மேலேயுள்ளதைக் காணவேண்டும் என்பது வணிகத் தேவையாகிவிட்டது. முழுதும் மறைக்கப்பட்ட சொகுசுக்கு அடுத்தமுறை விலைகொடுக்க எவரும் முன்வாரார். முழுதும் திறந்துவிடப்பட்டதற்கும் அவ்வாறே. ஆகவே கண்ணாடிக் கதவும் பட்டுக்கயிறும் தேவைப்படுகின்றன. வரிசையிலே காத்துநிற்கையில் அருகே வரிசையின்றிச் செல்லும் ஒருவரைப் பார்ப்பதும் விளம்பரத்தின் ஒரு பக்கமே. எத்தனை முறை பயணஞ்செய்தார் என்பதற்கேற்பப் பொன், வைரம் எனப் பட்டங்களும் உள. சாதியும் பதவியும் படிமுறையாக அடுக்கப்பட்ட சமுதாயத்திலே வாழும் நமக்கு இவ்வடுக்கின் உளவியலை விளக்கவேண்டிய அவசியமில்லை. ஒருபடி கீழேயிருப்பவரைக் காணுந்தோறும் தன் படியில் மனநிறைவு கொள்ளப் பழகியவர், படிக்கட்டையே கேள்விக்குள்ளாக்குதல் அரிது.

பொருளின் பயனை விடுத்து, பிறரினின்றும் வேறுபட்டுத் தோன்றுதலையே செல்வர் நுகர்கின்றனர் என்பதை 1899இலேயே தோர்ஸ்ரீன் வெப்லன் தமது ‘ஓய்வு வர்க்கக் கோட்பாடு’ என்னும் நூலில் எடுத்துக்காட்டினார். அவர் கண்டது பெருஞ்செல்வரை. அவர்களின் பாவனையை வாரக் கணக்கிலே வாடகைக்கு விடுவது இக்கப்பல்களின் புத்தாக்கமாகும். சாளரமற்ற உள்ளறைக்குக்கூட அது எட்டுகிறது. 2011இற் கடலிறங்கிய ‘டிஸ்னி ட்றீம்’ கப்பலின் உள்ளறைகளில் வட்டச்சாளர வடிவிலே திரைகள் பொருத்தப்பட்டு, வெளியே படக்கருவி காணும் கடல் அவற்றிலே காட்டப்பட்டது. கடலின் நடுவே இருப்பவருக்குக் கடலின் படம்! நகைப்புக்குரியதெனினும், தம் அறை தாழ்ந்ததென்பதை அவ்வறையில் இருப்பவர் மறவாதபடியும் அதற்காக வருந்தாதபடியும் செய்யும் கைத்திறன் அதில் உண்டு.

இனி வர்க்கத்துக்கு வருவோம். 2024 சனவரியிற் சேவைக்கு வந்த ‘ஐக்கொன் ஒஃப் த சீஸ்’ 248,663 தொன் கொள்ளளவுடையது, 20 தளங்கள், மிகுந்தளவாக 7,600 பிரயாணிகளையும் ஏறத்தாழ 2,350 பணியாளரையும் கொள்வது. இத்தகைய கப்பல்களின் பணியாளருட் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலாய நாடுகளிலிருந்து வருபவர்கள்; நம்மவரும் உளர். ஆறு தொடக்கம் ஒன்பது மாதம் வரையான ஒப்பந்தங்கள். அக்காலத்தில் முழுநாள் விடுமுறை என்பது பெரும்பாலும் இல்லை. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிற் சமவாயம் 2013 ஓகஸ்ற் தொடக்கம் நடைமுறையிலுள்ளது. வேலைநேரத்துக்கு அது விதிக்கும் உச்ச எல்லைகளுள் ஒன்று நாளொன்றுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி என்பது. தொழிலாளரைக் காக்க எழுந்த சட்டத்தின் எல்லையே இதுவாயின் அதற்கு முந்திய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

அச்சமவாயத்திலே என் கவனத்தை ஈர்த்த வேறு இரு விதிகள் உண்டு. சரக்குக் கப்பல்களில் மாலுமி ஒவ்வொருவருக்கும் தனியறை வழங்கப்படல் வேண்டும் என்பது பொதுவிதி. பிரயாணிகள் கப்பல்களுக்கு அவ்விதி இல்லை. உறங்கும் அறைகள் சுமைக்கோட்டுக்கு மேலே அமைதல் வேண்டும் என்பது மற்றொரு பொதுவிதி. ஒளியும் காற்றோட்டமும் போதியவாயின் பிரயாணிகள் கப்பலிலே அக்கோட்டுக்குக் கீழும் அமையலாம் என்று விலக்களிக்கப்பட்டுள்ளது. நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள ஒவ்வோர் அடியும் விற்பனைக்குரியது என்பதே இதன் பொருளாதாரம். சொகுசின் உயரம் கீழே உறங்குபவரின் தாழ்விலிருந்து அளக்கப்படுகிறது. அதற்குச் சட்டமும் இடந்தருகிறது.

கொடியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். மியாமியிலே தலைமையகம் வைத்த கார்ணிவல் 1974இற் பனாமாவிலும், ரொயல் கரிபியன் 1985இல் லைபீரியாவிலும் பதியப்பட்டன. கப்பல்கள் பகாமாஸ், பனாமா முதலிய கொடிகளின்கீழ் ஓடுகின்றன. வரியும் தொழிற்சட்டமும் கொடியைப் பின்தொடர்பவை.

கூலி வழங்கப்படும் முறை மொழியாராய்ச்சிக்கு நல்ல விருந்தாகும். பிரயாணியொருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டொலர் எனச் ‘சன்மானம்’ கணக்கிலே தானாகச் சேர்க்கப்படுகிறது. உயர்வகை அறையாயின் தொகை சற்றுக் கூடும். வேலைகொள்வோன் கொடுக்கவேண்டிய கூலியின் ஒரு பகுதி இங்கே பிரயாணியின் பெருந்தன்மையாக உருமாறிவிடுகிறது. பெற்றவர் நன்றி கூறவேண்டியவராகிறார். உரிமை கொடையாகும் இம்மாற்றத்துக்கு ஏற்பவே பிரயாணியைப் ‘பிரயாணி’ என்றும் கம்பனிகள் அழைப்பதில்லை. ‘விருந்தினர்’ என்பதே அவற்றின் சொல். விருந்தோம்பலை இல்லறத்தின் தலையாய கடனாகக் கொண்ட மொழியிலே பிறந்த நமக்கு ஐயமொன்று எழுவது இயல்பு. விருந்தினர் பணம் செலுத்துகிறார்; பரிமாறுபவர் வீட்டுக்காரரல்லர்; அவ்வாறாயின் இங்கே விருந்தோம்புபவர் யார்?

மறைந்திருந்தது வெளிப்பட ஒரு நோய் வேண்டியிருந்தது. 2020 பெப்ரவரியில் ‘டயமண்ட் பிறின்செஸ்’ யொக்கொகாமாவிலே தடுத்துவைக்கப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். அவருள் ஏறத்தாழ 1,045 பேர் பணியாளர். பிரயாணிகள் தத்தம் அறைகளில் இருத்தப்பட்டனர். பணியாளரோ தொடர்ந்து சமைத்தனர், அறை அறையாக உணவு கொண்டுசென்றனர், நெருக்கமான பகிர்வறைகளிலே உறங்கினர். ஒரே கப்பலில் ஒரு சாராருக்குத் தனிமைப்படுத்தல் நோய்த்தடுப்பாயிற்று. மறு சாரார் அத்தடுப்பு நடைபெறுவதற்கான கருவியாயினர். 712 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அதன்பின் பிரயாணிகளை இறக்கிவிட்ட கப்பல்கள் பல, பணியாளருடன் மாதக்கணக்கிலே கடலில் நின்றன. அவ்வாண்டு ஏப்பிரலிற் கொழும்பை அடைந்த கப்பலொன்றிற் பணிபுரிந்த இலங்கையர் ஒருவர், தம்மை இறக்கிக்கொள்ளுமாறு விடுத்த வேண்டுகோள் நாடெங்கும் பரவிய பின்னரே கடற்படையினராற் கரைசேர்க்கப்பட்டார். உல்லாசக் கப்பலிலே வேலைசெய்பவர் ஒருவரின் குரல் நம் வீடுகளுக்குள் ஒலித்தது அன்றுதான்.

படைப்பாளிகள் இதனை எவ்வாறு கண்டனர்? 1922இல் மேடையேறிய யூஜின் ஓ’நீலின் ‘மயிரடர்ந்த குரங்கு’ நாடகத்தை முதலிற் குறிப்பிடவேண்டும். அத்திலாந்திக் கப்பலொன்றிலே கரியிடும் யாங், தன் உழைப்பாலேயே கப்பல் ஓடுகிறதென்ற இறுமாப்புடையவன். உருக்காலை அதிபரின் மகள் மில்ட்றெட் வெண்ணிற ஆடையுடன் ஏழைகளின் வாழ்வைக் ‘காண’க் கீழே இறங்கி வருகிறாள், அவனைக் கண்டதும் மிருகமென்று அருவருத்து மயங்கி வீழ்கிறாள். மேற்றளமும் அடித்தளமும் நேருக்குநேர் பார்த்துக்கொள்ளும் அக்கணம் யாங்கின் உலகைச் சிதைத்துவிடுகிறது. நாடகத்தின் பிற்பகுதி நாடகாசிரியரின் அவநம்பிக்கையிற் சிக்கித் தளர்வுறுகிறது. எனினும் கதையின் மையத்திலே செய்பவனை நிறுத்தி, பிரயாணியை அவன் கண்ணாற் பார்க்கவைத்த துணிவு அதற்குண்டு.

எழுபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர், 1996 சனவரியில், அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபொஸ்டர் வொலஸ் கரிபியன் கடலில் ஏழு இரவுகள் சென்றுவந்த அனுபவத்தை ‘ஹார்ப்பர்ஸ்’ சஞ்சிகையில் நீண்ட கட்டுரையாக எழுதினார். உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசுவோர் யாவரும் இன்றும் அதனையே மேற்கோளாக்குவர். அதன் மிகச்சிறந்த பகுதி, கைந்நூலிலே இடம்பெற்ற ஓர் இலக்கியக் கட்டுரையைப் பற்றியது. ‘ஸ்ரொப் ரைம்’ என்ற தன்வரலாற்று நூலால் மதிப்புப்பெற்றவரும் அயோவாப் பல்கலைக்கழகத்தின் புகழ்மிக்க எழுத்தாளர் பயிற்சிநெறிக்குத் தலைமைவகித்தவருமான ஃபிறாங்க் கொன்றோய் என்பார் தம் பயண அனுபவத்தைக் கப்பற் கம்பனிக்காக எழுதியிருந்தார். அது பணம்பெற்று எழுதப்பட்டதென்ற குறிப்பின்றி, விளம்பரப் பக்கங்களினின்றும் வேறுபட்ட அமைப்பிலே அச்சிடப்பட்டிருந்தது. வொலஸ் தொலைபேசியில் வினவியபோது கொன்றோய் உண்மையை மறைக்கவில்லை. கலையின் வேடம் பூண்ட விளம்பரம் வாசகனின் நம்பிக்கையையே அரிக்கிறது என்ற வொலஸின் வாதம் எந்நாட்டு எழுத்தாளரும் மனங்கொளற்பாலது.

ஆயினும் அக்கட்டுரையின் எல்லையையும் சுட்டவேண்டும். வொலஸ் தம் பயணப்பையைத் தாமே தூக்கிச் சென்றுவிடுகிறார். அதன் பயனாக லெபனான் நாட்டுச் சுமைகாவி ஒருவர் மேலாளரின் கண்டனத்துக்கு உள்ளாகிறார். அருமையான நிகழ்ச்சி. ஒருவரின் பணிவன்பு மற்றொருவரின் தொழிலை அச்சுறுத்தும் சூழலை ஒரு பக்கத்திலே காட்டிவிடுகிறது. எனினும் கட்டுரை எழுத்தாளரின் கூச்சத்துடனேயே நின்றுவிடுகிறது. பணியாளரின் தொழில்முறைப் புன்னகை தம்மை எவ்வாறு சோர்வுறச் செய்கிறதென்று அவர் விரித்துரைக்கிறார். புன்னகைப்பவருக்கு அது என்ன செய்கிறதென்ற வினாவை, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலிலே ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் ஏலவே எழுப்பியிருந்தார். பணியாளர் பகுதிகளைப் பார்க்கக் கம்பனி வொலஸை அனுமதிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் கட்டுரையின் நகைச்சுவை முழுவதும் ‘நீங்கள்’ என்று விளிக்கப்பட்டவரின் நகைச்சுவையே. கைந்நூல் ‘நீங்கள் மகிழ்வீர்கள்’ என்றது. வொலஸ் ‘நான் மகிழவில்லை’ என்று விடையளித்தார். இருவர் வாக்கியத்திலும் வினைமுதல் இல்லை.

2022இற் கான் விழாவிலே உயர்விருது பெற்ற ரூபன் ஓஸ்ற்லுண்டின் ‘துயர முக்கோணம்’ என்ற திரைப்படம் மேலும் ஒருபடி செல்கிறது. உரம் விற்ற உருசியரும் கைக்குண்டு விற்ற ஆங்கில முதியோரும் ஏறிய உல்லாசப் படகு அது. செல்வச் சீமாட்டி ஒருத்தி திடீரெனச் சமத்துவ ஆசை கொண்டு, பணியாளர் யாவரும் உடனே கடலிலே குளிக்கவேண்டுமெனக் கட்டளையிடுகிறாள். அவர்கள் வரிசையாகச் சறுக்கிக் கடலில் விழுகின்றனர். கட்டளையாக வழங்கப்படும் ஓய்வின் அவமானத்தை இதனினும் நுட்பமாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரிந்தவரை இல்லை. அதற்குப் பின்வரும் புயலும் வாந்தியும் மலிவான பழிவாங்கல். சீமாட்டி வாந்தியெடுப்பதைக் கண்டு அரங்கம் சிரிக்கிறது. அதைத் துடைக்கப்போவது யாரென்று சிரிப்பவர்க்கு நினைவில்லை. படத்துக்கும் அது ஒரு கணமே நினைவுக்கு வருகிறது.

படகு மூழ்கியபின் தீவிலே நிலைமை தலைகீழாகிறது. கழிவறைத் துப்புரவுக்குப் பொறுப்பாயிருந்த பிலிப்பைன்ஸ் பெண் அபிகேல் மட்டுமே மீன்பிடிக்கவும் தீமூட்டவும் அறிந்தவள். தன்னைத் தலைவியென ஏற்போருக்கே உணவு என்கிறாள். டொலி டி லியோனின் நடிப்பு இப்பகுதியைத் தாங்கிநிற்கிறது. ஆனால் கப்பற் பகுதியிலே அவளை நாம் ஏறத்தாழ அறியவில்லை. கப்பல் மூழ்கினாலன்றிச் செய்பவளுக்குப் பெயர் கிடைக்காது என்பது இயக்குநரின் கருத்தா, அவரது கதையமைப்பின் குறையா என்று துணிதல் கடினம். அதிகாரம் கிடைத்ததும் அவளும் அழகிய இளைஞனை உணவுக்கு விலையாகப் பெறுகிறாள். எவர் கையில் அதிகாரம் வந்தாலும் இவ்வாறே ஆகும் என்ற வாதம் பழையது, செல்வருக்கு ஆறுதலளிப்பது. இவ்விடத்தில் ஓஸ்ற்லுண்ட் தாம் நகைத்தவர்களுடனேயே கைகுலுக்கிவிடுகிறார் எனத் தோன்றுகிறது.

இறுதிக்காட்சி மட்டும் அவரையும் மீறியது. அபிகேலும் விளம்பர அழகி யாயாவும் மலையேறிச் செல்கையில், தீவின் மறுபுறத்தில் ஓர் உல்லாச விடுதியின் மின்தூக்கியைக் காண்கின்றனர். பழைய உலகம் ஒரு பொத்தான் தொலைவில் உள்ளது. அபிகேல் பெருங்கல்லொன்றைக் கையிலேந்தி யாயாவின் பின்னே நெருங்குகிறாள். அதனை அறியாத யாயா, கடலை நோக்கியவாறு, உண்மையான பரிவுடன், ஊர் திரும்பியதும் உன்னை என் உதவியாளராக வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். கைந்நூலிலே எழுதப்படாத வினைமுதலை முதன்முறையாகக் கண்டுகொண்ட ஒருத்தி, நன்றிப்பெருக்கின் உச்சத்திலே வழங்கக்கூடியது ஒரு வேலையாகவே இருக்கிறது. கல் வீழ்ந்ததா என்பதை இயக்குநர் காட்டவில்லை.